ஐந்தாவது கட்டம்

– மறுபடியும் பரீட்சையா, மாப்பிள்ளை?

– ஆமா மாமா. டாக்டர் கொடுத்த சீட்டு. ஒரு நாளைக்கு ஒரு வரிசை.

– கேளுங்க. முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரிச்ச கை இது. எந்தத் தெரு எந்தக் கட்டம்னு கண்ணை மூடிட்டுப் போடுவேன்.

– அது பழசு. பழசு போகாதாம், புதுசுதான் நிக்காதாம். நாலு நாளா அஞ்சாவது வார்த்தை வர மாட்டேங்குது உங்களுக்கு.

– ம். சொல்லுங்க.

– சாவி. குடை. வாளி. கண்ணாடி. பத்து நிமிஷம் கழிச்சுக் கேப்பேன்.

– கட்டத்துல போட்டாச்சு.

– நடை போனீங்களா?

– ரெண்டு சுத்து. முனை வீட்டு நாய் இப்பல்லாம் குரைக்கிறதில்ல. அதுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி.

– இடது கையால பல் தேய்க்கச் சொன்னாரே?

– தேய்ச்சேன். பாதி பேஸ்ட் மூக்குல. பாப்பா விழுந்து விழுந்து சிரிச்சா.

– தூக்கம்?

– ஒன்பதுக்குப் படுத்தா அஞ்சரைக்குத்தான் முழிப்பு. மூளைக்குத் தூக்கம்தான் முதல் மருந்துன்னாரே. நீங்க தூங்கறீங்களா?

– பேச்சு என்னைப் பத்தி இல்ல மாமா.

– பதினோரு மாசமா உங்க ரூம்ல லைட் அணையறதில்ல.

– உங்க பொண்ணு செத்ததை இப்ப இழுக்காதீங்க.

– நான் லைட்டைத்தான் சொன்னேன்.

– நேத்து விஷயத்துக்கு வருவோம். பாப்பா பள்ளிக்கூட வாசல்ல ஒரு மணி நேரம் நின்னிருக்கா. டீச்சர் போன் பண்ணினப்புறம்தான் நீங்க போயிருக்கீங்க.

– ஆமா.

– மறந்துட்டீங்க.

– பாப்பா என்ன சொன்னா?

– 'தாத்தா மறந்துட்டாரு'ன்னா. அழக்கூட இல்ல.

– நல்லது.

– என்ன நல்லது? எதிர்ல லாரி போற ரோடு. அவளுக்கு அஞ்சு வயசு. எனக்குக் கோவம் இல்ல மாமா. ஆனா இன்னைக்கும் அஞ்சாவது வரலைன்னா நாளையிலேர்ந்து வேன் வெச்சுடறேன். நீங்க போக வேணாம்.

– அவ கையைப் பிடிச்சுட்டு வர்ற கால் மணி நேரம்தான் மாப்பிள்ளை எனக்கு நாளே. மீதியெல்லாம் சும்மா உக்காந்திருக்கிறது.

– தெரியும். பத்து நிமிஷம் ஆச்சு, சொல்லுங்க.

– சாவி, குடை, வாளி, கண்ணாடி.

– அஞ்சாவது?

– கட்டம் காலி.

– யோசிச்சுப் பாருங்க.

– யோசிச்சா வராது.

– அப்போ வேன்தான் மாமா. மன்னிச்சுக்கோங்க.

– சீட்டை எடுங்க. இன்னைக்கு வரிசையில, கண்ணாடிக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?

– ...சீப்பு.

– அதை நீங்க சொல்லவே இல்ல. நாலு நாளா நாலோட நிறுத்திடறீங்க. வராத தபாலை நான் எந்தக் கட்டத்துல போட?

– முதல் நாளே சொல்லியிருக்கலாமே?

– ரெண்டு நாள் தூங்கினா சரியாயிடுவீங்கன்னு பாத்தேன். நேத்து என்ன கிழமை?

– சனி.

– சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வர்றது யாரு?

– ...நான்.

– தாத்தாதான் மறந்துட்டேன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மாத்திச் சொல்லிடாதீங்க.