குறிப்பிடத்தக்க எதுவும் கிடைக்கவில்லை

முதலில் கழிப்பறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

அந்த வருடங்களில் அயர்லாந்து முழுக்கச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள், இல்லாவிட்டால் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் பழங்காலத்து மிச்சம் இருக்கலாம் என்று தோன்றுகிற இடங்களில், அஸ்திவாரம் போடும் முன் எங்களைப் போன்றவர்கள் வந்து தோண்டிப் பார்க்க வேண்டும். இருப்பதை அளந்து, வரைந்து, படமெடுத்து, அறிக்கை கொடுத்த பிறகுதான் கட்டட வேலை தொடங்கும். எங்களுக்குச் சம்பளம் வருவதும் அந்தக் கட்டுமானக்காரரிடமிருந்துதான். அதாவது, நாங்கள் எதையும் கண்டுபிடிக்காவிட்டால் ரொம்பச் சந்தோஷப்படுகிறவர் செலவில் நாங்கள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழில் அப்படி.

நான் இருபத்திரண்டு வருடம் மண்டியிட்டுத் தோண்டியவள். என் முட்டிகள் படி ஏறும்போது பேசும். திங்கட்கிழமை வேலை உண்டா என்பது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தெரியும். ஒரே குளியலறை உள்ள வீட்டில் ஒன்பது பேர் படுத்திருக்கிறோம். காய்ச்சல் வந்தால் சம்பளம் கிடையாது, அதனால் காய்ச்சலோடு தோண்டுவோம். கழிப்பறை என்பது மண்மேட்டுக்குப் பின்னால், ஒருத்தி தார்ப்பாயைப் பிடிக்க இன்னொருத்தி உட்காருவது. ஒருநாள் காற்றில் தார்ப்பாய் பறந்து போனது. பக்கத்துச் சாலையில் சுற்றுலாப் பேருந்து ஒன்று நின்றிருந்தது. அன்றைக்கு நான் முடிவு செய்தேன், என் பொறுப்பில் ஒரு தளம் வந்தால் என் ஆட்கள் மனிதர்களாக வேலை பார்ப்பார்கள் என்று.

2006 செப்டம்பரில் வந்தது. தோண்டுவதற்கான உரிமத்தில் டெர்வ்லா ஹெனகன் என்று என் பெயர். ஊருக்கு வெளியே நாற்பது ஏக்கர் மேய்ச்சல் நிலம், அதில் இருநூறு வீடும் ஒரு சாலையும் வரவிருந்தன. என்னிடம் இருபத்து மூன்று பேர், பாதி நம் ஆட்கள், பாதி போலந்திலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை, அதுவும் நிலத்தின் மறுகோடியில், கட்டடத் தொழிலாளிகளோடு பங்கு. கிராஸினா என்ற போலந்துப் பெண், முதுகலை படித்தவள், முதல் நாளே அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"தலைவி, உள்ள ஒரு நாகரிகமே புதைஞ்சு கெடக்கு. ஆனா அதைத் தோண்ட நான் வரலை."

கட்டுமானக் கம்பெனியின் தள மேலாளர் மாலக்கி டன்னி. சிவந்த முகம், பெரிய சிரிப்பு, எந்நேரமும் கையில் முட்டையும் பன்றி இறைச்சியும் திணித்த நீள ரொட்டி. நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. முதல் மாதம் நாங்கள் ஒரு தானிய அடுப்பைத் தோண்டிக்கொண்டிருந்தோம். எண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ ஓட்ஸ் உலர்த்திய குழி. மாலக்கி விளிம்பில் வந்து நின்றார்.

"இது இன்னும் எத்தனை நாளும்மா?"

"ஒன்பது."

"நாலுல முடியாதா?"

"முடிச்சா எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

அவர் சிரித்தார். "கேளேன், பாப்போம்."

துணி காயப்போட ஒரு கொட்டகை கேட்டேன், ஹீட்டரோடு. இரண்டு நாளில் வந்துவிட்டது. அந்த அடுப்பில் பாதியை வரையாமலே மூடினோம். அவர்கள் ஓட்ஸ் காயவைத்த இடத்தைக் கொடுத்து நாங்கள் காலுறை காயவைக்க இடம் வாங்கினோம். இதில் ஒரு அழகான தொடர்ச்சி இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அடுத்தது ஒரு வீடு. வீடு என்றால் சுவர் கூரையெல்லாம் இல்லை, தூண் நட்ட பதினோரு குழிகள் வட்டமாக, அவ்வளவுதான். அதை மரவேர்த் தடங்கள் என்று எழுதினேன். பதிலுக்கு வெந்நீர் வருகிற கழிப்பறைகள், பெண்களுக்குத் தனியாக, கதவில் தாழ்ப்பாளோடு. திறப்பு விழா நடத்தினார்கள். எச்சரிக்கை நாடாவைக் கட்டி கிராஸினா கத்தரிக்க, மண்வாரி இயந்திரம் ஓட்டும் ஃபின்டன் தகரக் குழல் ஊதினான். முதலில் போகும் கௌரவம் எனக்கு. வெளியே வந்தபோது கைதட்டினார்கள். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

கான்செப்டா கெராட்டி வரத் தொடங்கியது அப்போதுதான். எழுபத்திரண்டு வயது, சின்னச் சிவப்புக் கார். அதை நேராக வாயிலுக்குக் குறுக்கே நிறுத்துவாள். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தால் கண்ணாடியை இறக்கி, "அடிக்கிறவனுக்கு ரொட்டி கிடையாது" என்பாள். திராட்சை போட்ட தேநீர் ரொட்டி கொண்டுவருவாள், வெண்ணெய் தடவி, இருபத்து மூன்று துண்டு. ஒரு வாரத்தில் ஹார்ன் அடிப்பது நின்றுபோனது.

நிலத்தின் வடக்கு ஓரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதி ஒன்று இருந்திருக்கிறது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். பின்னாலிருந்த பழத்தோட்டத்தில் நாலைந்து வயதான ஆப்பிள் மரங்கள் மட்டும் மிச்சம். கான்செப்டா வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்துத் தெரு விஷயத்தைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்.

"பதினேழு வயசுல இங்க இருந்தேன் கண்ணு. அம்பத்தொண்ணு பிப்ரவரி. பையன். கோல்மன்னு பேர் வச்சேன். என் கோட்டுல ஒரு பச்சைப் பித்தானைப் பிச்சு அவன் போர்வையில தச்சேன், மாறிடக் கூடாதுல்ல. பதினோரு நாள். பால் குடுக்கப் போறேன், தொட்டில் காலி. பழத்தோட்டத்துல புதைச்சாச்சு, போய்த் துணி துவைன்னுட்டாங்க. நீ அந்தப் பக்கம் தோண்டுவேல்ல?"

"தோண்டுவேன்."

"கண்டா சொல்லு."

"கண்டிப்பா சொல்றேன்."

அதைச் சொன்னபோது அது பொய் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் கடைசியில் பழத்தோட்டத்துக்குப் போனோம். மேல்மண்ணை இயந்திரம் வழிக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது வழக்கம். அன்று நான் நின்றேன். மற்றவர்கள் மறுகோடியில் இருந்தார்கள். நல்ல வெயில். ஃபின்டன் மண்ணை ஒரு சீராக வழித்துக்கொண்டே போக, வெளிர் மண்ணில் கறுப்பு நீள்சதுரங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். ஒழுங்கான வரிசை. இறங்கிக் கரணையால் சுரண்டினேன். முப்பத்தேழு. ஏழாவதில் பச்சைப் பித்தான் இருந்தது.

ஃபின்டன் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"டெர்வ்லா, இது குழந்தைங்க."

"ஆட்டுக்குட்டி," என்றேன்.

"நான் ஆடு வளக்கற வீட்டுல பொறந்தவன்."

"தெரியும். அதனாலதான் உங்கிட்ட சொல்றேன். ஆட்டுக்குட்டி."

அவனுக்கு நாலு குழந்தைகள். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். வேலையை நிறுத்தி, காவல் துறைக்கும் மரண விசாரணை அதிகாரிக்கும் அருங்காட்சியகத்துக்கும் சொல்ல வேண்டும். தளம் மூடப்படும். ஒரு வருடமோ இரண்டோ. என் இருபத்து மூன்று பேரும் மறுநாள் வீட்டுக்குப் போவார்கள், கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் இருக்கும்போது. செத்தவர்கள் ஐம்பது வருடமாகக் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஈரக் காலுறை இல்லை. கிராஸினாவுக்கு இருந்தது. நான் மாலக்கியிடம் போனேன். அவர் ரொட்டியை மேஜையில் வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"போலீஸைக் கூப்பிடணும்லம்மா?"

"கூப்பிடலாம். கூப்பிட்டா உங்க வீடு ஒண்ணுகூட எழும்பாது. எங்க ஆளுங்களும் போயிடுவாங்க."

"அதுக்காக... என்ன பண்ணச் சொல்றே?"

"அங்க ஒண்ணுமில்லைன்னு நான் எழுதித் தரேன். கையெழுத்து என்னோடது. நீங்க அடுத்த ரெண்டு கட்ட வேலைக்கும் எங்களையே வச்சுக்கணும். பதினாலு மாசம். காய்ச்சல்ல படுத்தாலும் சம்பளம். ஆளுக்கொரு கட்டில்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். "உனக்குத் தூக்கம் வருமா டெர்வ்லா?"

வரும் என்றேன். வந்தது.

யோசனை அவருடையது என்று உங்கள் போலீஸ் கோப்பில் எழுதியிருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள். யோசனை என்னுடையது.

சனிக்கிழமை விடுமுறை. நானும் ஃபின்டனும் மட்டும் வந்தோம். நான் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. இயந்திரத்தின் பெரிய வாளியால் சுற்று மண்ணோடு சேர்த்து, வரிசை வரிசையாக அள்ளினோம். எதையும் மிதிக்கவில்லை. சாலை இரைச்சலைத் தடுக்க ஒரு நீள மண்மேடு கட்டிக்கொண்டிருந்தார்கள், அதன் வயிற்றில் கொட்டி மூடினோம். பெட்ரோல் பங்கிலிருந்து மூன்றாவது விளக்குக் கம்பத்துக்கு நேரே. பித்தானைக் கோல்மனிடமே விட்டுவிட்டேன். அதை எடுத்து வைத்துக்கொள்ள நான் திருடி இல்லை. அறிக்கையில் எழுதினேன்: பழத்தோட்டப் பகுதியில் பிற்கால உழவுச் சால்கள். குறிப்பிடத்தக்க எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த பதினாலு மாதங்கள் போல ஒரு காலம் எங்கள் தொழிலில் யாருக்கும் வாய்த்திருக்காது. ஒருவருக்கும் அடிபடவில்லை. ஒருத்திக்கு நிமோனியா வந்தது, ஐந்து வாரம் சம்பளத்தோடு படுத்திருந்தாள். அவளால் நம்பவே முடியவில்லை, தினமும் போன் செய்து நிஜமா நிஜமா என்று கேட்பாள். கிராஸினா நில அளவையாளர் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்றைக்கும் அந்த இருபத்து மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேளுங்கள்.

கான்செப்டாவிடம் அந்த டிசம்பரிலேயே சொன்னேன். வேலியில் நிற்கவைத்துச் சொல்ல மனம் வரவில்லை. கொட்டகைக்குள் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்துச் சொன்னேன்.

"முழுசாத் தோண்டினியா?"

"முழுசா."

"ஒரு எலும்புகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லை."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப அவங்க எங்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க," என்றாள். "அப்ப அவன் சாகலை. அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்காங்க. எத்தனையோ பிள்ளைங்களை அனுப்பினாங்களே, தத்துக் குடுத்து. டெர்வ்லா, எம்புள்ள உசிரோட இருக்கான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? என் ஆட்களுக்கு மட்டும் நல்லது நடந்தது என்றில்லை. அவளுக்கும் நடந்துவிட்டது.

அதன்பிறகு அவள் இளமையாகிவிட்டாள். கடிதம் கடிதமாக எழுதினாள். விண்ணப்பங்களை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், எனக்குப் படிவங்கள் கைவந்த விஷயம். எழுபத்து நாலாவது வயதில் முதன்முறையாக விமானம் ஏறி அமெரிக்காவில் மில்வாக்கி என்ற ஊருக்குப் போனாள். அங்கே கோல்மன் என்று பெயர் வைத்த ஏழு பேர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒருவர் கறுப்பினத்தவர். அவர் அவளை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். அந்தக் கதையை அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வருடா வருடம் கோல்மனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுவாள், வருடா வருடம் வயிற்றுப் பக்கம் ஒரு அங்குலம் கூட்டி. "அப்பன் ஜாடை. தொப்பை போடாம இருக்க மாட்டான்." பிறந்தநாளுக்குக் கேக் செய்வாள். பத்து வருடமும் நான் தவறாமல் போனேன். மெழுகுவத்திகளை ஊத மாட்டோம். அவன் ஊத வேண்டியது என்று, தானாக அணையும்வரை விட்டுவிடுவோம்.

இந்தப் பிப்ரவரியில் அவனுக்கு அறுபத்தைந்து முடிந்தது. நாங்கள் இருவர் மட்டும்தான். கேக் நன்றாக வந்திருந்தது.

"இந்நேரம் பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருப்பான் என் கோல்மன்," என்றாள்.

நான் வாய் நிறையக் கேக்கோடு, "ஆண்டவர் அவனுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தரட்டும்," என்றேன்.

பழக்கதோஷம்தான். எங்கள் பக்கத்தில் இறந்தவர் பெயர் வந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். உடனே வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. கத்தியைத் தட்டில் வைத்தாள், தட்டின் விளிம்போடு நேராக இருக்கும்படி சரிசெய்தாள். பிறகு குனிந்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளை ஊதி அணைத்தாள். அத்தனையையும் அணைக்க நாலு தடவை ஊத வேண்டியிருந்தது.

"டீ ஆறுது," என்றாள். "குடிச்சிட்டுக் கிளம்பு."

வழக்கமாக வாசல்வரை வருவாள். எண்பத்திரண்டு வயது, அன்று களைப்பாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை உங்களிடமிருந்து போன் வந்தது.

அவ்வளவுதான். முப்பத்தேழு குழந்தைகள், அதில் ஒருவன் யார் என்பதும் தெரியும். அவர்களை நான் பார்த்தேன், அள்ளிக் கொட்டினேன், இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், இதிலும் போடுகிறேன்.

உங்களிடம் சொன்னது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. ஃபின்டன் போன வருடமே இறந்துவிட்டான். மாலக்கியாக இருக்கலாம், அவர் எப்போதும் பயந்த சுபாவம். கான்செப்டா இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். தன் மகனை உயிரோடு திருப்பிக் கொடுத்தவள்மேல் யார் புகார் கொடுப்பார்கள்?