கட்டைவிரல் ஒப்புதல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு வேன் முதலாளி, தனக்கு ஆப் செய்து கொடுத்தவரிடம் எகிறிக்கொண்டிருந்தார். காது கொடுக்கத் தேவையில்லை, ஸ்டாண்டுக்கே கேட்டது.

“நாளைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கூட்டத்துல டவர் கிடைக்காது. மேப்புல வர்ற வழிய இன்னிக்கே நம்ம ஆப்ல சேவ் பண்ணி வைய்யா.”

“கூடாதுண்ணே. பாக்கலாம், எடுத்து வெச்சிக்கக் கூடாதுன்னு மேப் கம்பெனிக்காரன் கண்டிஷன்ல இருக்குது.”

“இன்னாய்யா கண்டிஷன்? மேப்பு காட்டுற ஏரிக்கரை வழியே, போன அமாவாசைக்கு நான் போனோட என் வேன்ல போனதப் பாத்துத்தான் அதுல வந்துது!”

“ஆமாண்ணே.”

“அவன் என்னை சேவ் பண்ணலாம், நான் அவனை சேவ் பண்ணக் கூடாதா? எவன்யா இதுக்கு ஒத்துக்கினது?”

“நீங்கதாண்ணே. போன் வாங்கின அன்னிக்கே ஓகேன்னு அமுக்கிட்டீங்க.”

முதலாளி தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.