பூக்கட்டி எடுத்த சைலன்சர்

"அம்பாள் பாஸ் பண்ணின சைலன்சரை ஃபெயில் பண்ண அவன் ஆர்?"

பிக்கரிங்கில் ரயில் ஏறி என் முன்னிருக்கையில் அமர்ந்தவர் இப்படிக் கேட்டதும் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன். ஐம்பது வயதிருக்கும். அவருக்குப் பக்கத்திலிருந்த இளைஞர் வேலைத்தள நண்பர் போலத் தெரிந்தார்.

"ஆரண்ணை ஃபெயில் பண்ணினது?"

"கராஜ்காரன்தான். பெரிய எஞ்சின் வச்ச பழைய மசில் கார் ஒண்டு வாங்கினனான் எல்லே? சைலன்சரை மாத்திப்போட்டு என்ர பேரில பதியிறதுக்கு சேஃப்ற்றி சேர்ட்டிபிக்கற் எடுக்க அவனிட்ட விட்டனான். புகை வடிகட்டி இல்லையாம், சத்தமும் கூடவாம், பேப்பர் தரமாட்டானாம். தமிழன் எண்டும் பார்க்கேல்லை. கார் அங்க நிக்குது, நான் ரயில்ல போறன்!"

"வடிகட்டியோட வாற சைலன்சர் விக்கிறாங்கள்தானே. நீங்கள் ஏன் அது இல்லாததைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

"நானோ தெரிஞ்செடுத்தது? ரெண்டில எது எண்டு கோயில்ல பூக்கட்டிப் பார்த்தனான். வடிகட்டி உள்ளதுக்கு வெள்ளைப் பூ, இல்லாததுக்குச் சிவப்பு. ரெண்டையும் வெத்திலையில சுத்தி அம்பாளுக்கு முன்னால வச்சிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடுத்தனான். சிவப்புத்தான் வந்தது. அதுக்குப் பிறகு உவன் என்ன எனக்குச் சட்டம் கதைக்கிறது?"

"முதல் தரமே சிவப்பு வந்ததோ அண்ணை?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூண்டாம் தரம்."

"அப்ப முதல் ரெண்டு தரமும்?"

"வெள்ளை" என்றவருக்கு மறுபடியும் கோபம் ஏறியது. "அம்பாளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?"