எண்ணூறு கிராம் கூடாரம்

ஊத்தும்மா, கூடாரத்து மேல நல்லா ஊத்து! ரெண்டு கொடம் பத்தலன்னா இன்னொரு கொடம் புடிச்சிக்கலாம். நான் இன்னா பொய்யா சொல்றேன்? லைட்ஹவுஸ் குப்பத்துல யார வோணா கேளு, இந்தச் செங்கல்வராயன் இல்லாதத சொல்லுவான்னு ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம். ஒழுகுச்சுன்னா ஒழுகுச்சு! பிரவீன் தம்பி தலகாணிய புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும், அப்டி நனைஞ்சிப் போச்சு. மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. தை மாசப் பனி, அவ்ளோதான். அந்தப் பனி தையல் வழியா உள்ள எறங்கியிருக்கு.

நீதான் தச்சியாமே? பொன்னேரி ஷெட்டுலேர்ந்து பஸ்ஸ புடிச்சி நீயே வந்துட்ட. பேரு இன்னா சொன்ன... பானுப்ரியாவா. பேரு நல்லாதான் கீது. அதுக்காக தையல் நல்லாகீதுனு சொல்லிட முடியுமா?

இல்ல, உனக்கு வெவரம் தெரியணும். பிரவீன் தம்பி மெட்ராஸ்லேர்ந்து ஆளுங்கள இட்டுகினு வந்து, கரையோரமா நடக்க வைக்கிறாரு. பகல் பூரா நடை, ராத்திரி மணல்ல படுக்கை, காலைல மறுபடி நடை. எதுக்கு தம்பினு கேட்டேன். ‘எக்ஸ்பீரியன்ஸ்ணா’ன்றாரு. நாப்பது வருசமா நானும் இதே மணல்லதான் படுத்துகினு கீறேன், எனக்கு அது எக்ஸ்பீரியன்ஸ்னு ஒருத்தனும் சொல்லல!

வழி காட்றது நானு. வலை தைக்கிற வேலை போக மிச்ச நேரத்துல இது. அவங்க மூட்டைய நீ பாக்கணும்... எல்லாம் எடை போட்டுதான் எடுத்துகினு வருவாங்க. ஒருத்தரு பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ பாதியா ஒடச்சிகினு வந்தாரு. கனம் கொறையுதாம். அவரு தொப்பைய ஒரு தபா பாத்தேன். ஒண்ணும் சொல்லல. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?

கேளு. ‘அண்ணா, கூடாரம் நீங்களே பாத்து சொல்லுங்க, நீங்க சொல்றதுல இருபது வாங்கிடலாம்’னு மூணு கூடாரத்த கொண்டாந்து முன்னால போட்டாரு. என்னாண்ட கேட்டாரும்மா! ஊர்ல இத்தினி பேரு கீறாங்க, என்னாண்ட!

மொதலாவது வெறும் ஷீட்டு. நடக்கிற குச்சி ரெண்ட நட்டு மேல போட்டுக்கணும். கனமே இல்ல. ஆனா நாலு பக்கமும் தொறந்து கெடக்கு, நண்டுங்க உள்ள வந்து குசலம் விசாரிச்சிட்டுப் போவும். ரெண்டாவது, உள்ள கொசுவலை, வெளிய துணி, ரெண்டு தோலு. சொகுசுதான். ரெண்டரை கிலோ! தூக்கிகினு நடக்கிறவன் பாதி வழில உக்காந்துடுவான். மூணாவது உன்னுது. ஒரே தோலு, ஜிப்பு, எண்ணூறு கிராமு. பெரிய நண்டு ஒண்ணு அவ்ளோ வரும். தையல இழுத்துப் பாத்தேன், கெட்டியா இருந்துது. இதான்னு கைய வச்சேன்.

கூடாரக் கயித்த இழுத்துக் கட்ட, தரைல குத்தற கம்பி குடுத்தீங்களே, மணல்ல அது நிக்குமா? காத்து ஒரு இழு இழுத்துது, புடுங்கிகினு பறக்குது. நான்தான் கயித்துல சாக்கு கட்டி, மணல் ரொப்பி, ஆழமா பொதச்சேன். அப்புறம் அசையல. படகுக்கு நங்கூரம் போடறவனுக்கு இதெல்லாம் சொல்லியா தரணும்? பிரவீன் தம்பி அத்த போட்டோ புடிச்சாரு. அன்னிக்கு ராத்திரி நானும் அவரும் அதுலயே படுத்துப் பாத்தோம்.

அப்டி நம்புனவரு, காலைல நனைஞ்ச தலையோட எழுந்து உக்காந்து, ‘அண்ணா, இது நீங்க எடுத்ததுதான?’ன்னாரு. அவ்ளோதான் கேட்டாரு. என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது? உடனே ஃபோன போட்டு உன் மொதலாளிய கிழிச்சேன் பாரு... தச்சவங்களுக்கு ஊசி புடிக்கத் தெரியுமான்னு கேட்டேன். வேலைய விட்டுத் தூக்குன்னு சொல்லல. சொன்னனா? கோவத்துல சொல்லிருப்பேன்.

இன்னா, உள்ள நனையலயா? தள்ளு, நான் பாக்குறேன்... காய்ஞ்சிதான் கீது. மூலைல? அங்கியும் காய்ஞ்சி கீது. இன்னொரு கொடம் ஊத்து... அடச்சே, இப்ப ஒரு சொட்டுகூட வரமாட்டேன்னுது!

இன்னா சொன்ன? தையல்ல தப்பு இருந்தா திங்கக்கெழமைலேர்ந்து வராதன்னுட்டாரா? எப்போ? நான் ஃபோன் பண்ண அன்னிக்கேவா... வூட்ல நீ ஒருத்திதான் சம்பாதிக்கிறியா. அத்த ஏம்மா வந்ததுமே சொல்லல? நான்தான் பேசவே வுடலயோ... டீ குடிக்கிறியா?

அது... அந்த எடத்த எதுக்குத் தடவுற? அது என் கைவேலை! உனக்குக் காட்டணும்னு நெனச்சேன். தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் ஒரு சாண் நீளத்துக்குத் தைக்காமலே வுட்டுட்டியே. அவசரத்துல மறந்துட்ட போலன்னு நீல நூலு போட்டு நானே அடைச்சிட்டேன். எங்க குப்பத்துல அப்டிதான். காயற வலைல கண்ணி அறுந்து கெடந்தா, தாண்டிப் போவ மாட்டோம். பேச்சுவார்த்தை இல்லாதவன் வலையா இருந்தாலும் ஒரு முடிச்சு போட்டுட்டுதான் போவோம். ஓட்டைய பாத்தா கை சும்மா இருக்காது. மேல பசை வேற தடவிருக்கேன். கொசு இன்னா, காத்துகூட நுழையாது!

இன்னாது?

காத்து நுழையறதுக்குதான் வுட்டியா?

இரு, இரு, மெல்ல சொல்லு. ஒரே தோலுன்னா... உள்ள படுத்தவங்க வுடற மூச்சு, குளுந்த துணில பட்டு... தண்ணியாவுமா? அந்த மூச்சு வெளிய போற வழியா இது?

ஐயோ.

ரெண்டு பேரு படுத்தோம். கொசுவுக்கு பயந்து ஜிப்ப வேற மூடிகினோம். நான் வேற... சும்மா படுக்கலயேம்மா. படகு கதை, பங்காளி கதை, ரங்கம்மா கல்யாணத்துல மீன் கொழம்பு தீஞ்சிப்போன கதை... பிரவீன் தம்பி மூணு தபா ‘தூங்கலாம்ணா’ன்னாரு. அப்பறமும் வுடலயே நான்!

சரி, ஒண்ணு பண்ணலாம். நூல நான் இப்பவே பிரிச்சிடறேன். ‘தையல சரி பண்ணியாச்சு’னு ரெண்டு பேரும் சொல்லிடுவோம். யாருக்குத் தெரியப் போவுது? நான் போயி அந்தப் பையனாண்ட, நல்ல ஓட்டைய நான்தான் அடைச்சேன்னு எப்டிம்மா சொல்லுவேன்? நங்கூரம் போட்டத வேற போட்டோ புடிச்சி வச்சிருக்காரு...

இன்னா, வேணாம்னு தலையாட்டுற? ஆமா. சரி பண்ணேன்னு சொன்னா மொதல்ல தப்பா தச்சேன்னுதான் ஆவும். திங்கக்கெழமை உன்ன உள்ள வுட மாட்டாரு.

அந்த ஃபோன குடு. உன் ஃபோன்தான், குடு. நானே பேசறேன்.

அலோ, மொதலாளி சாரா? செங்கல்வராயன் பேசறேன். ஆமா, அன்னிக்கு கத்தினவன்தான். இன்னிக்கு கத்தல சார். இந்தப் பொண்ணு தையல்ல ஒரு கொறையும் இல்ல. மூணு கொடம் ஊத்திப் பாத்துட்டோம். காத்து போற வழிய அடைச்சது நானு. பிரவீன் தம்பியாண்டயும் நானே சொல்லிடறேன். இருபதும் இந்தப் பொண்ணு கையாலயே தைக்க வைங்க.

இன்னா சார்? அந்தத் தண்ணியா? அது மழையும் இல்ல, பனியும் இல்ல சார்... எப்டி சொல்றது...

நான் பேசினது சார். அத்தினியும் நான் பேசினது.