மீன்கடை ஐஸ்

காஜா பேராங் சாலை ஐஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இருவர் கையிலும் மரத்தூள் ஒட்டிய சாக்கு. கடைக்காரர் ஆற அமர ஐஸ் கட்டியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். இளையவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

“விரதக்காரங்களுக்கு மீன்கடை ஐஸ்ல செஞ்சு கொடுத்துட்டேன், அக்கா.”

“அடிப்பாவி! யாருக்கு?”

“என் மக மாமனார் மாமியாருக்குத்தான். லீவுக்குச் சிங்கப்பூர்லேருந்து முதல் தடவையா வந்திருக்காங்க. ஐஸ் அன்னாசி தர்றேன்னு வாய்விட்டுட்டேன். நேத்து இந்தக் கடையில ஐஸ் தீந்துபோச்சு. எங்க வீட்டுக்காரரு பாசார்ல மீன்காரன்கிட்ட வாங்கிட்டு வந்துட்டாரு.”

“அன்னாசிச் சாறுல படலையே?”

“படலை. சாறு உறையறது மூடி போட்ட டின்னுக்குள்ள. வெளியிலதான் ஐஸும் கல்லுப்பும். இருந்தாலும் விரதமாச்சே! சம்பந்தியம்மா ரெண்டு கிண்ணம் சாப்பிட்டாங்க. அப்புறம் அடுப்படிக்கு வந்து, சாக்குல ஒட்டியிருந்த மீன் செதிலை விரல்ல எடுத்தாங்க. எனக்கு உயிரே போச்சு.”

“திட்டினாங்களா?”

“செதிலைச் சாக்கடையில போட்டுட்டு காதோட சொன்னாங்க: ‘எங்க வீட்டுலயும் மீன்கடை ஐஸ்தான், சம்பந்தி. அவருக்குத்தான் தெரியாது.’ அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்ப இன்னைக்கு ஏன்டி இங்க வந்து வெயில்ல நிக்கிற?”

“இன்னும் வேணும்னு கேக்குறாங்க. இன்னைக்கு மீன்கடை லீவு.”