மைக்குக்குப் பின்பக்கம்

— ஐயோ, அன்னப்பூரணி அக்கா, ஊதாதீங்க! ஊதிப் பாக்கிற மைக் இல்ல இது.

— கோயில்ல எல்லாரும் ஊதித்தானே பாக்கிற?

— அது வேற. இதுக்குள்ள இரிக்கிறது சிகரட் பெட்டி வெள்ளித்தாளை விட மெல்லிய ரிப்பன். ஒரு ஊதுக்கே கிழிஞ்சி போயிரும். காலையில கல்லடிப் பாலத்தடியில ஆமிக்காரன் வாய்க்குக் கிட்டக் கொண்டு போனான். எனக்கு உசிரே போயிட்டு.

— ஊதினானா?

— இல்ல. பாரத்தைப் பாத்துக் குண்டு எண்டு நினைச்சிக் கீழ வெச்சிட்டான்.

— உனக்குச் சிரிப்பு, மஜீட். நான் அந்தப் பாலத்தால போறதே இல்ல. இவரைப் புடிச்சதும் அதிலதான்.

— யோகராசா அண்ணன் இன்னும் கதைக்கல்லயா?

— மாரிக்கு முந்தி முகாமால விட்டாங்க. வந்ததில இருந்து ஒரு சொல் இல்ல. முந்தியெண்டா நான் ஒரு அடி தப்பினாலே பாட்டை நிப்பாட்டி ஏசுவார். இந்த அம்மன் பாட்டு நாங்க ரெண்டு பேரும் மாறி மாறிப் படிக்கிறது. இப்ப அவர்ர அடி வாற இடத்தில நான் சும்மா நிப்பன். நீ பதிவு முடிஞ்ச மறுகா அதில ஆர்மோனியம் போட்டு நிரப்பு.

— அண்ணனை வெளியில இருத்துவமா? இருமினாலும் டேப்பில விழுந்திரும்.

— வேணாம் மனே. என்ர கண்ணுக்கு முன்னால இரிக்கோணும்.

— அப்ப மைக்குக்குப் பின்னால, இந்தக் கதிரையில. பின்பக்கம் கேளாது. கேளாதெண்டுதான் நினைக்கிறன். நானும் இண்டைக்குத்தான் இதைத் தொடுறன்.

— யோசிச்சது போதும். கரண்ட் போக முந்தித் தொடங்கு.

— ஓம். ஓடுது. படிங்க.

— முடிஞ்சிது. கண்ணை மூடித்தான் படிச்சன், அவரைப் பாத்தா அழுகை வரும். போட்டுக் காட்டு.

— பொறுங்க. என்ன சத்தம் இது? நீங்க நிப்பாட்டுற இடமெல்லாம் ஏதோ முணுமுணுப்பு.

— பழைய டேப்பா?

— புதுசு. பக்கத்து வீட்டு ரேடியோவும் இல்ல. அல்லாஹ்வே! பின்னேர ஒலிப்பதிவு வகுப்பில படிப்பிக்கிற சேர் சொன்னவர், ரிப்பன் மைக் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரிக் கேக்குமெண்டு. பக்கவாட்டிலதான் கேளாது. நான் மத்த மைக்கை நினைச்சி அண்ணனைப் பின்னால இருத்திட்டன். என்ர பிழைதான் அக்கா. அழிச்சிட்டு...

— கையை எடு! அழிச்சிராத. சத்தத்தைக் கூட்டு.

— அக்கா?

— இன்னும் கூட்டு. இது அவர்ர அடி. சொல்லுக்குச் சொல் அவர்ர அடி.

— கிட்ட இருந்த நமக்குக் கேக்கல்லயே!

— வாய்க்குள்ளயே படிச்சிரிக்கார். உன்ர மைக்குக்கு மட்டும் கேட்டிரிக்கி.

— அழாதீங்க அக்கா. அங்க பாருங்க, அண்ணன் எழும்பி வாறார்.

— மூணாவது அடியில முந்திட்டாய், பூரணி. தொடக்கத்தில இருந்து படிப்பம்.