மூன்று மாதம் பதினொரு நாள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் ஐயா. அதனால் இதை நானே எழுதித் தந்துவிடுகிறேன். நேற்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியதைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் நான்கு இடத்தில் அடித்திருந்தார். நான் முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் நகல் எழுதிப் பிழைத்தவன். அடித்தல் திருத்தலோடு ஒரு காகிதம் என் கையை விட்டுப் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நேற்று நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கூடப் பொறந்த அண்ணன் உயிரோட இருக்கான். அவன் செத்துட்டான்னு பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கியேய்யா, வெக்கமா இல்ல?" அந்தக் கேள்வி என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. இந்த விஷயத்தில் வேறு எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

அந்தப் பிரமாணப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டது ஜூன் ஒன்பதாம் தேதி. "என் அண்ணன் சசிபத சமத்தார் இறந்துவிட்டார்" என்று ஒரே வரி. வக்கீல் பினய் பாபு, "பதினாலு வருஷமா தகவல் இல்லைன்னு எழுதினாப் போதுமே" என்றுதான் சொன்னார். தகவல் இல்லை என்றால் தகவல் வரட்டும் என்று ஆறு வாய்தா போடுவார்கள். அதனால் வரியைத் திருத்தியது நான்தான்.

அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். அப்பா பிப்ரவரியில் போனார். உயிலில், வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப்பாதி, ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் விற்கக்கூடாது, ஒருவர் உயிரோடு இல்லாவிட்டால் முழுதும் மற்றவருக்கு என்று இருந்தது. மருமகள் கனகாவுக்கு, அதாவது என் அண்ணிக்கு, சாகும்வரை சோறும் ஓர் அறையும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு என் பேரில். ஆனால் அந்த உயில் செல்லும் என்று கோர்ட் புரொபேட் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. வீட்டை இடித்து மாடிமாடியாகக் கட்டப்போகும் சாஹா பாபு, டிசம்பர் வரைதான் காத்திருப்பேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். அவர் அளவு நாடாவோடு வந்தபோது முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியைக் காலால் தட்டிப் பார்த்து, "மொத வேலையா இதைத் தூர்த்துடணும்" என்றார். எனக்கு அவர் தரவிருந்தது மூன்றாவது மாடியில் இரண்டு அறை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் வாளி தூக்காமல் குளிக்க ஆசைப்பட்டால் அது பேராசையா?

அண்ணன் போன கதையை அண்ணி உங்களிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். நான் அழாமல் சொல்கிறேன். சணல் ஆலை மூடி எட்டு மாதமாக அவனுக்கு வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி ரோகு மீனின் தலையை அவன் தட்டில் வைத்தாள். அப்பா, "சம்பாதிக்காதவனுக்குத் தலை எதுக்கும்மா?" என்று கேட்டு, நாற்பத்தெட்டு வயது மகனைப் பெண்டாட்டி எதிரிலேயே கன்னத்தில் அறைந்தார். அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அண்ணி ஒரு நாள்கூட மீன் இல்லாமல் சாப்பிடவில்லை. ருசிக்காக இல்லை. கட்டியவள் மீனை விட்டால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று நம் வீட்டுப் பெண்கள் நம்புகிறார்களே, அதற்காக. நாங்கள் மீன் வாங்காத நாளில் எதிர்வீட்டுக்குப் போய் விரல் நுனியளவு துணுக்கு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வருவாள். வகிட்டில் குங்குமம், கையில் சங்கு வளையல். பதினான்கு வருஷம் அப்படியே அவனை உயிரோடு வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

ஆனால் பினய் பாபு ஒன்று சொன்னார். "ஹரி பாபு, ஜட்ஜ் உங்க காகிதத்தைப் படிக்கமாட்டார். உங்க அண்ணி வகிட்டைத்தான் பார்ப்பார். அங்க செவப்பு இருந்தா உங்க அண்ணன் உயிரோட இருக்கார்."

காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்துக் காரியம் செய்யலாம் என்று சாஸ்திரமே வழி வைத்திருக்கிறது. அண்ணியிடம் அதைச் சொல்ல ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். மே மாதம் ஒரு காலையில் அவள் அரிவாள்மணை முன் உட்கார்ந்து பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணி, ஒருவேளை போயிருந்தான்னா? தண்ணி விட ஆளில்லாம பதினாலு வருஷமா தாகத்தோட நிப்பானே."

அவள் கை நின்றது. "தாகமாவா இருப்பாரு தம்பி?"

"சாஸ்திரம் அப்படித்தானே சொல்லுது."

மூன்றாம் நாள் சம்மதித்தாள். படித்துறையில் புல் உருவத்துக்கு அவனுடைய பழைய வேட்டியைச் சுற்றி நான்தான் கொள்ளி வைத்தேன். அண்ணியின் சங்கு வளையலை உடைத்தபோது சின்னச் சத்தம்தான் வந்தது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று முதல் அவள் பச்சரிசியும் வேகவைத்த காயும் நெய்யும் சாப்பிட்டாள். எலும்பும் தோலுமாகப் போனாள்.

மனு தாக்கலானது. சட்டப்படி பேப்பரில் ஓர் அறிவிப்புப் போடவேண்டும்: இன்னார் உயிலுக்கு இன்னார் புரொபேட் கேட்கிறார், உரிமை உள்ளவர் யாரும் வரலாம் என்று. வெறும் சடங்கு. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மாதிரி எத்தனையோ அறிவிப்புகளை நகல் எடுத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் இருபதாம் தேதி மதியம். தூறல். சாப்பிட்டுவிட்டுச் சந்து முழுக்கத் தூங்கும் நேரம். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். நரைத்த தாடி, கான்வாஸ் ஷூ, ஈரக் குடை. முதலில் எனக்கு அடையாளம் தெரிந்தது அவன் இருமல்தான். சின்ன வயதிலிருந்தே அவன் இரண்டு இருமல் இருமி, கொஞ்சம் நிறுத்தி, மூன்றாவதை இருமுவான்.

"ஹரு, கூப்பிட்டிருந்தியே. வந்துட்டேன்" என்றான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு பொரிப் பொட்டலத்தின் காகிதத்தை எடுத்து நீட்டினான். என் அறிவிப்பு. வடக்கே ஏதோ தேயிலைத் தோட்டத்தில் எடை எழுதும் வேலையாம் அவனுக்கு. சந்தையில் பொரி மடித்துக் கொடுத்த காகிதத்தில் அப்பா பேரைப் பார்த்திருக்கிறான். ஓரத்தில் ரயில் நேரத்தைப் பென்சிலால் குறித்திருந்தான்.

"அப்பா போயிட்டார்னு இதுலதான் தெரிஞ்சுது. உரிமை உள்ளவங்க வரலாம்னு எழுதியிருந்தே. என்னைத்தான் கூப்பிடறேன்னு புரிஞ்சுது. வேற யாரு இருக்கா நமக்கு?"

அவனை முற்றத்தில் நிறுத்தி, மெதுவாகப் பேசச் சொன்னேன். அண்ணிக்கு நெஞ்சு பலவீனம், திடீரென்று பார்த்தால் தாங்காது, நான் போய்ப் பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் எப்போதும் சொன்னதைக் கேட்பவன்தான்.

வீட்டை விற்கிறேன் என்பதையும் சொன்னேன். "வித்துடு. எனக்கெதுக்கு வீடு? எங்க சொல்றியோ அங்க கையெழுத்துப் போடறேன். கனகாவை என்கூட அனுப்பிடு, போதும்" என்றான்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும் ஐயா. வீட்டுக்காகச் செய்தேன் என்று நாளைக்குப் பேப்பர்காரன் எழுதுவான். வீட்டை அவன் கொடுத்துவிட்டான். ஆனால் அவன் கையெழுத்துப் போட்டால் இறந்தவன் கையெழுத்துப் போட்டதாக ஆகும். நான் ஜூனில் சத்தியம் செய்தது என்ன ஆவது? அசல் ஒன்று சொல்லி நகல் வேறு சொன்னால் நாங்கள் நகலைத்தான் திருத்துவோம். ஆனால் தாக்கலாகிவிட்ட காகிதத்தில் கைவைக்கக்கூடாது. அது குற்றம்.

அவன் மாடிப்பக்கம் பார்த்துக் கேட்டான்: "இன்னும் மீன் சாப்பிடறாளா?"

நான் அவன் ஈரக் குடையை வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

"தொண்டை காயுதுடா, சியால்தா ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே வர்றேன். கால்வேற சேறு" என்றான். தொட்டி மூடியை இரண்டு பேருமாகச் சேர்ந்து நகர்த்தினோம். மழைக்காலம், தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. "இதுக்குள்ள எறங்கி ஒளிஞ்சுப்போமே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே குவளையோடு குனிந்தான். நான் பெரிதாகப் பலம் எதுவும் உபயோகிக்கவில்லை. மூடியைத் திரும்ப இழுக்கத்தான் பலம் வேண்டியிருந்தது. வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு எப்படியோ தனியாகவே முடிந்தது.

பிறகு மூடியின்மேல் உட்கார்ந்தேன். தூறிக்கொண்டிருந்ததால் அவன் குடையை விரித்துக்கொண்டேன். அடியிலிருந்து கொஞ்ச நேரம் தட்டும் அதிர்வு வந்தது. அப்போது மாடியில் ஜன்னல் திறந்தது.

"தம்பி, இருமினது யாரு?"

"நான்தான் அண்ணி. மழைல நனைஞ்சுட்டேன்."

"ஏன் அங்க போய் உக்காந்திருக்கீங்க? இருங்க, இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவரேன்."

கொண்டுவந்தாள். அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். அதற்குள் தட்டுவது நின்றிருந்தது. டீ நன்றாக இருந்தது.

மறுநாள் கொசு என்று சொல்லி மூடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசினேன். தெருக்குழாயிலிருந்து அண்ணிக்கு நானே தினமும் இரண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்தேன், இந்த வயதில். அண்ணி இருமலைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. துர்கா பூஜை முடிந்த வாரம் சாக்கடையில் பாப்தா மீனின் முள் கிடந்தது. பூனை என்று நினைத்தேன். நான் அசடு.

நவம்பரில் விசாரணை. அண்ணி ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டால் புரொபேட் கிடைத்துவிடும். பினய் பாபுவும் நானும் கோர்ட் படிக்கட்டில் காத்திருந்தோம். அவள் ரிக்‌ஷாவிலிருந்து சிவப்புக் கரைப் புடவையில் இறங்கினாள். வகிடு நிறையக் குங்குமம். புதுச் சங்கு வளையல். பினய் பாபு கையிலிருந்த பைலை நழுவவிட்டார். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"அந்த இருமலை எனக்குத் தெரியாதா தம்பி?"

ஜட்ஜ் முன்னால் பொரிக் காகிதத்தை நீட்டினாள். அவனிடமிருந்து வாங்கி என் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததை எப்போதோ எடுத்திருக்கிறாள். காகிதத்தைக் கிழித்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. பென்சில் எழுத்தைக் காட்டி, "என் வீட்டுக்காரர் வந்திருக்காருங்க. இவர்தான் எங்கயோ அனுப்பிட்டாரு. தேடிக் குடுங்க" என்றாள். அப்படித்தான் விஷயம் உங்களிடம் வந்தது.

அவள் இப்போது வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம், தட்டில் மீன் தலையை எடுத்து வைத்துக்கொண்டு. கேட்கவே பாவமாக இருக்கிறது. மே மாதம் அவள் செய்த காரியம் எதுவும் வீண்போகவில்லை என்று யாராவது பக்குவமாகச் சொல்லுங்கள்.

கொன்றவனுக்குச் சொத்துப் போகாது, வீடு அண்ணிக்குத்தான் என்கிறார் பினய் பாபு. அவளே வைத்துக்கொள்ளட்டும். தண்டனையைப் பற்றியும் எனக்குப் பேச்சில்லை. ஆனால் பொய்ச் சத்தியம் என்ற வார்த்தையை நீங்கள் வாபஸ் வாங்கவேண்டும். இரண்டு ஆட்களை அனுப்பி மூடியைத் தூக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதையும் என் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்குங்கள். ஒரு சொல் பிசகியிருக்காது. தேதிதான் மூன்று மாதம் பதினொரு நாள் முந்திவிட்டது. காகிதத்தை இங்கே கொண்டுவரச் சொன்னால், ஓரத்தில் அதைத் திருத்திச் சிறு கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.